உண்மை நகல்

ஆவணம் ஏழு:
ஒரு பாக்கெட் நோட்டு, நீல அட்டை.
பதினெட்டு ரூபாய் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.
தமிழில் இருப்பதால் ஆணையம் படிக்காது.
ஆங்கிலத்தில் பெயர்த்துக் கீழே
‘என் அறிவுக்கு எட்டியவரை உண்மை’ என்று
நான் கையெழுத்திட வேண்டும்.
நாகபூஷண் சாரின் ஜூனியர்களில்
தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஹவில்தார் ஏழுமலை, ஓய்வு.
மதராஸ் சாப்பர்ஸ். வீடு மர்பி டவுன்.
இருபத்திரண்டு வருடம் மண்ணுக்குள் கண்ணிவெடி தேடி
இரண்டு காலோடு திரும்பி வந்தவர்.

என் வரைவு இந்த வரியில்தான் தொடங்கியது.
சார் சிவப்பு மையால் அடித்தார்.
‘பனி, எல்லை எல்லாம் வேண்டாம்மா.
இலவச வைத்தியம், இவர் நுகர்வோரே இல்லைங்கறாங்க.
ரசீது இருக்கா பாரு.’

இருந்தது. பச்சையம்மாள் அக்கா
பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்தார்:
ஓய்வு பெற்ற மாதம் பிடித்துக்கொண்ட சுகாதாரத் திட்டச் சந்தா.
மடிப்பில் எண்கள் தேய்ந்திருந்தன.
ஒரு மனிதன் கேள்வி கேட்கும் தகுதி
அந்த மடிப்பில் இருந்தது.

பிறகு நோட்டு.
நேரம், கண்டது. அவ்வளவுதான். பட்டாளத்துப் பழக்கம்.

2315. கட்டு நனைஞ்சிருக்கு. வாடை.
0120. பெருவிரல் மரத்துப்போச்சு.
0340. ரெண்டாம் விரல் கறுப்பு. சிஸ்டரிடம் சொன்னேன்.
0350. சிஸ்டர் போன் போட்டாங்க. டாக்டர் எடுக்கல.
0415. மறுபடி. எடுக்கல.
0500. மறுபடி.

திட்டம் அனுப்பிவைத்த மருத்துவமனையின் பதிவேடு,
பக்கம் நாற்பத்தொன்று:
மூன்று நாற்பது. நோயாளி நன்றாக உறங்குகிறார்.
நான்கு பதினைந்து. நோயாளி நன்றாக உறங்குகிறார்.
ஐந்து மணிக்கும் அதே உறக்கம், அதே மை,
ஒரே மூச்சில் எழுதிய சாய்வு.

‘மரத்துப்போச்சு’ என்ற இடத்தில் அரை நாள் நின்றேன்.
ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் ஒரு சொல் இருக்கிறது.
அதற்குள் மரம் இல்லை.
தன் உடம்பின் நுனி மரமாவதை
விழித்துக் கிடந்து, மணி பார்த்து
ஒருவர் எழுதிக்கொண்டிருப்பது இல்லை.
நான்கெழுத்தையே போட்டேன்.

சனிக்கிழமை படித்துக்காட்டப் போனேன்.
லுங்கியின் வலப்பக்கத்தை
முழங்காலுக்கடியில் மடித்துச் செருகி
கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.
‘எதிர்மனுதாரர் மூன்று, இரவுப்பணிச் செவிலியர்’
என்றதும் கையைத் தூக்கினார்.

‘அந்தப் பொண்ணு பேரை எடுத்துடும்மா.’

அவங்கதானே பொய் எழுதினாங்க, என்றேன்.

‘எழுதுனா. யார் எழுத வெச்சாங்கன்னு கேளு.
அன்னிக்கு மூணு வார்டுக்கு அவ ஒருத்தி.
வெடி இருக்கிற இடத்துலதான் கொடி நடணும்.
ஒரு அடி தள்ளி நட்டா
அடுத்து வர்றவன் காலு போவும்.’

சார் ஒத்துக்கொள்ளவில்லை.
அவளை விட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்றார்.
மூன்று நாள் போன், ஒரு முறை கத்தல்.
கடைசியில் அவள் பெயர்
எதிர்மனுதாரர் பட்டியலிலிருந்து
சாட்சிப் பட்டியலுக்கு நகர்ந்தது.
வருவாளா, தெரியாது.
கேரளத்துக்கே போய்விட்டாள் என்கிறார்கள்.

சாந்தி நகர். ஆணையத்தின் நடைபாதை.
அவர்கள் வக்கீல் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்,
படிக்கத் தெரியாத வேகத்தில்.
‘நோயாளி தனக்குத்தானே எழுதிக்கொண்டது’ என்றார்.
அதுவும் பதிவானது.

வெளியே, சக்கர நாற்காலியில்,
ஏழுமலை சட்டைப்பையிலிருந்து வேறு நோட்டை எடுத்தார்.
அதே நீல அட்டை. இப்போது இருபத்தாறு ரூபாய்.
என்னிடம் மணி கேட்டார், பேனாவை உதறினார்.

1142. வாய்தா. டாக்டர் வரல.